எட்டாயிரம் ரூபாய் கிட்டாரில் டோன் வரவைப்பது எப்படி

கோவையிலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஞாயிற்றுக்கிழமை கூடி வாசிக்கிற குழுவுக்குள் புதிதாக ஒரு பையன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நுழைந்தால், இருக்கிறவர்களின் கண் அவன் விரலுக்குப் போகாது. கிட்டாரின் தலையில் இருக்கும் பெயருக்குத்தான் போகும். "பழகறதுக்கு ஓகேங்க தம்பி, ஆனா இதுல டோன் வராதுங்க." மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. நாலு மாசம் கழித்து அந்தப் பையன் தவணையில் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று வாங்கியிருப்பான். புதியவர்களைத் திணறடிக்கும் எஃப் கார்டு அதிலும் விழாது.

டோன் (ஒலியின் தரம்) வராது என்கிறவர் முழுப் பொய் சொல்லவில்லை. எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் கிட்டார் கடையிலிருந்து வருகிற நிலையில் பெரும்பாலும் சுமாராகத்தான் ஒலிக்கும். அதற்குக் காரணம் மரமோ பெயரோ இல்லை. கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கணும், நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) காடி எவ்வளவு ஆழம் இறங்கணும் என்று ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கிற இரண்டு மணி நேர வேலை அந்த விலைக்குள் அடங்காது. கம்பி தாழ்வாக இருந்தால் கரகரக்கும்; கரகரக்கிற கிட்டாரைக் கடையில் யாரும் எடுக்க மாட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் உயரமாகவே விட்டு அனுப்புவார்கள். மிச்ச வேலையை வாங்கினவர் செய்துகொள்ளலாம். லேத்தும் வெல்டிங் பட்டறையும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில் அதற்குச் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை.

வேண்டிய சாமான்

ஃபீலர் கேஜ் ஒன்று. பைக் மெக்கானிக் டேப்பட் வைக்க எடுக்கிறாரே, அதேதான். 0.05 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை தகடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், ஆலன் கீ செட் (4, 5 மி.மீ. கட்டாயம் வேண்டும்), 10 மி.மீ. ஸ்பேனர், 220, 400 நம்பர் உப்புத்தாள், அதை ஒட்டிவைக்க ஒரு கண்ணாடித் துண்டு, கேப்போ (கம்பிகளைக் கழுத்தோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப்), போனில் ஒரு டியூனர் ஆப்.

இன்னொன்று, கேஸ் வெல்டிங் டார்ச்சின் நாசிலைக் குத்திச் சுத்தம் செய்யும் கிளீனர் கட்டு. நட்டின் காடியைத் தேய்ப்பதற்கென்றே விற்கும் அரங்கள் செட்டாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நாசில் கிளீனரும் உருண்டையான, பல் வெட்டிய கம்பிகள்தான். சுமார் 0.4 மி.மீ.யில் தொடங்கி 1.5 வரைக்கும் போகும். ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

வேலையின் வரிசை: கம்பி, கழுத்து, நட், சேடில் (உடம்பின் மேல் ஒட்டிய பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் துண்டு), கடைசியில் இன்டொனேஷன் (கழுத்தில் எங்கே அழுத்தினாலும் சுருதி பிசகாமல் இருப்பது). இதை மாற்றாதீர்கள். கம்பி உயரமாக இருக்கிறதே என்று எடுத்த எடுப்பில் சேடிலைத் தேய்த்துவிட்டு, அப்புறம் கழுத்தை நிமிர்த்தினால் கம்பி பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) படுத்துவிடும். புது சேடில் வாங்கி மறுபடி ஆரம்பிக்கணும்.

கம்பி

கடையில் மாட்டியிருந்த கம்பியைக் கழற்றிவிடுங்கள். மாசக்கணக்கில் தொங்கி, வருகிறவர் போகிறவர் எல்லாம் தொட்டுத் துருவேறிய கம்பி அது. 'டோன் வரல' என்ற குறையில் கணிசமான பங்கு இத்தோடு போய்விடும். 11–52 என்று குறித்த (மெல்லிய கம்பி 0.011 அங்குலம், தடித்தது 0.052) பாஸ்பர் வெண்கல செட் போதும். தடித்த கம்பிதான் கனமான டோன் தரும் என்று 12–53 போடச் சொல்வார்கள். அந்த செட் கழுத்தை எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். ஒட்டுப்பலகை கிட்டாருக்கும் புது விரலுக்கும் 11 நிம்மதி.

கம்பி இல்லாத நேரத்தில் விரல்பலகையை ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். பலகை வெளிறி வறண்டிருந்தால் மினரல் ஆயில் நாலு சொட்டு தடவி உடனே துடைத்தெடுக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பொள்ளாச்சிச் செக்கு எண்ணெயாகவே இருக்கட்டும். நாளானால் சிக்குப் பிடித்து நாறும், மார்கழியில் பிரெட் ஓரத்தில் உறைந்து நிற்கும்.

மாட்டும்போது கம்பியின் குண்டு முனை பிரிட்ஜுக்கு அடியில் பலகையில் முட்டி நிற்க வேண்டும். கம்பியைத் துளையில் பிடித்து நிறுத்தும் முளையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் கம்பியை மேலே இழுத்தால் உட்காருவது கையில் தெரியும். முளையின் நுனியில் தொங்கிக்கொண்டு நின்றால் சுருதி ஏற்றும்போது 'டப்'பென்று முளை எகிறும். சுருதிக்கட்டையில் தடிக் கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லிய கம்பிக்கு நாலு சுற்று, ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாம் பிரெட் அருகே விரலால் மெதுவாகத் தூக்கி இழுங்கள். சுருதி இறங்கும், மறுபடி ஏற்றி மறுபடி இழுங்கள். இழுத்தும் இறங்காத நிலை வரும்வரை இதைச் செய்யணும். புதுக் கிட்டாரில் 'டியூனிங்கே நிக்க மாட்டேங்குது' என்பதில் பாதி இந்த இழுப்பைச் செய்யாததால் வருவது.

மீதிப் பாதிக்கு இரண்டு காரணம். சுருதிக்கட்டையைச் சுற்றித் தலையின் முன்பக்கம் இருக்கும் அறுகோண புஷ் தளர்ந்திருக்கும். பல மாடல்களில் 10 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும், ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அல்லது நட்டின் காடி கம்பியைக் கவ்வும். சுருதி ஏற்றும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டு முள் திடீரென்று தாவினால் அதுதான். காடிக்குள் 2பி பென்சிலால் நாலு இழுப்பு, தீர்ந்தது.

கழுத்து

கம்பியின் இழுப்பில் கழுத்து மிக லேசாக முன்னுக்கு வளைந்திருக்கணும். அந்த வளைவை அளக்க, சுருதி சேர்த்துவிட்டு முதல் பிரெட்டில் கேப்போவைப் போடுங்கள். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், பெரும்பாலும் பதினாலாவது பிரெட், தடித்த ஆறாம் கம்பியை விரலால் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோடு. ஏழாவது பிரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பாருங்கள். 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் கை வைக்காதீர்கள்.

இடைவெளி அதற்கு மேல் இருந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) கடிகார முள் திசையில் கால் சுற்று. இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டால் எதிர்த் திசையில் கால் சுற்று. திருகின பிறகு சுருதி மாறியிருக்கும். மறுபடி சேர்த்து, கால் மணி நேரம் விட்டு அளக்கணும். ஒரே உட்காரலில் அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். சாவி சரியான அளவுதானா என்று முதலில் ஆட்டிப் பாருங்கள். தளர்வான சாவியைப் போட்டு முறுக்கினால் உள்ளே முனை மழுங்கும். அதற்கப்புறம் அந்த ராடு இருந்தும் இல்லாததுதான். கனமாக எதிர்த்தால் விட்டுவிட்டு ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோங்கள். ரொம்பவும் விலை குறைந்த சிலவற்றில் திருகுகிற ராடே இருக்காது. அதில் 10ல் தொடங்கும் செட்டைப் போட்டு இழுப்பைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

நட்

நேரத்தை இங்கே செலவழியுங்கள். விலை குறைந்த கிட்டாருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவதில் நட்டுக்குத்தான் முதலிடம், ஆனால் குழுவில் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்க முடியாது. மரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சோதனை சுலபம். மூன்றாவது கம்பியை வெறுமனே மீட்டி டியூனரில் சரியாக வையுங்கள். முதல் பிரெட்டில் சாதாரணமாக அழுத்தி மீட்டுங்கள். டியூனர் 10 சென்ட்டுக்கு மேல் ஏறிக் காட்டினால் நட் உயரம். நூறு சென்ட் சேர்ந்தது ஒரு அரைச் சுவரம். காடி உயரமாக இருந்தால் முதல் பிரெட்டில் கம்பியை எட்டி அழுத்த வேண்டியிருக்கும். அழுத்த அழுத்தக் கம்பி நீண்டு சுருதி ஏறும். வெறுங்கம்பிகள் சரியாக இருக்க, அழுத்திய கம்பிகள் ஏறி நிற்கும். சி கார்டு, எஃப் கார்டு எல்லாம் புளித்துப் போவது இதனால்தான். எவ்வளவு சுருதி சேர்த்தாலும் சேராது. பழி மரத்தின் மேல் விழும்.

அளப்பதற்கு, ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது பிரெட்டில் அழுத்தி முதல் பிரெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். ஒன்றாம் கம்பிக்கு 0.05, ஆறாம் கம்பிக்கு 0.1 மி.மீ. போதும். செய்தித்தாள் துண்டு ஒன்று லேசாக உரசிக்கொண்டு போகிற அளவு. கடையிலிருந்து வந்தவற்றில் 0.3க்கு மேலும் இருக்கும்.

தேய்க்க, கம்பியைத் தளர்த்திக் காடியிலிருந்து ஓரமாக எடுத்து வையுங்கள். கம்பியை விடக் கொஞ்சமே கொஞ்சம் தடித்த கிளீனரைத் தேர்ந்தெடுங்கள். 11–52 செட்டில் கம்பிகள் ஒன்றிலிருந்து ஆறு வரை 0.28, 0.38, 0.56, 0.81, 1.07, 1.32 மி.மீ. ஒன்றாம் கம்பிக்கு 0.4ஐத் தாண்டினால் கம்பி காடிக்குள் ஆடும். கிளீனரின் பின்முனை சுருதிக்கட்டைப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். கம்பி காடியின் விரல்பலகைப் பக்க விளிம்பில் மட்டும் உறுதியாக உட்கார்ந்து பின்னால் இறங்கிப் போகணும். மட்டமாகத் தேய்த்துவிட்டால் கம்பி காடியின் அடியில் பரவலாகப் படுத்து, தம்புராவில் ஜீவா நூல் வைத்து வரவழைக்கிற அந்த 'ஜ்ஜீ'ங்காரம் கிட்டாரில் வேண்டாமலே வரும். ஐந்தாறு இழுப்பு, கம்பியைப் போட்டுச் சுருதி சேர், அள. மறுபடி ஐந்தாறு இழுப்பு. ஒரு கம்பிக்குப் பத்து நிமிஷம் ஆகும், அவசரம் காட்டாதீர்கள்.

ஆழம் அதிகமாகி வெறுங்கம்பி கரகரத்தால் நட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காடியில் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, அதன்மேல் சூப்பர் குளூ ஒரு சொட்டு. சில நொடியில் கல்லாகும். சுற்றுப் பலகையில் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள், எழும் புகையில் மூக்கை வைக்காதீர்கள். காய்ந்ததும் மறுபடி காடி வெட்டலாம். புது நட் போடும்வரை தாங்கும்.

சேடில்

பன்னிரண்டாம் பிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஆறாம் கம்பிக்கு 2.4, ஒன்றாம் கம்பிக்கு 1.8 மி.மீ. நல்ல இடம். மீட்டாமல் தட்டி அடிக்கிற கை என்றால் கால் மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த இடம் கம்பியின் சரிபாதி. அதனால் இங்கே குறைக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு சேடிலில் போக வேண்டும். 3.4 இருக்கிறது, 2.4 வேண்டும் என்றால் சேடிலில் 2 மி.மீ. கம்பியைத் தளர்த்தி, துணி சுற்றிய குறடால் சேடிலை நேராக மேலே இழுங்கள். அடிப்பக்கத்தில் பென்சில் கோடு போட்டு, கண்ணாடியில் ஒட்டிய 220 தாளில் தேய்க்கணும். மேல் பக்கத்தைத் தொட வேண்டாம், அங்கே விரல்பலகைக்கு ஏற்ற வளைவு இருக்கிறது. நிற்க வைத்து ஒரே திசையில் தள்ளுங்கள், இடையிடையே முன்பின் திருப்பிப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டித் தேய்த்தால் அடி உருண்டுவிடும். அடியில் பிக்கப் இருக்கிற கிட்டாரில் உருண்ட அடி என்றால் ஒரு கம்பி சத்தமாகவும் அடுத்தது சன்னமாகவும் ஆம்பில் கேட்கும். முக்கால்வாசி தேய்த்ததும் நிறுத்தி, மாட்டி, அளந்து, அப்புறம் மிச்சத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் சேடிலுக்குப் பதில் எலும்பு சேடில் போடுவதும் பெரிய செலவில்லை. ஆனால் அளவு சரியாக இருந்தால் பிளாஸ்டிக்கே பரவாயில்லை. அளவு தப்பின எலும்பால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இன்டொனேஷனுக்கு, பன்னிரண்டாம் பிரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டி வரும் ஹார்மானிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வரும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். 5 சென்ட்டுக்குள் இருந்தால் மறந்துவிடுங்கள். அழுத்தினது அதற்கு மேல் ஏறி நின்றால் சேடிலின் உச்சியில் அந்தக் கம்பி தொடும் புள்ளி பின்னுக்குப் போகிற மாதிரி முன் விளிம்பைச் சரிக்கணும். இறங்கி நின்றால் பின் விளிம்பை.

கரகரப்பு எங்கிருந்து என்பதையும் சொல்லிவிடலாம். வெறுங்கம்பியில் மட்டும் என்றால் நட். முதல் நாலைந்து பிரெட்டில் என்றால் கழுத்து அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது. எட்டுக்கு மேல் எல்லா இடத்திலும் என்றால் சேடில் தாழ்வு. ஒரே ஒரு பிரெட்டில் அழுத்தும்போது மட்டும் என்றால், அதற்கு அடுத்த பிரெட் தூக்கி நிற்கிறது. ஸ்கேலின் விளிம்பை மூன்று பிரெட்டுகள் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். நடுப் பிரெட்டில் டக்டக் என்று ஆடினால் அதுதான் ஆள். மரத்துண்டு வைத்து மெதுவாகத் தட்டி உட்கார வைக்கலாம். உட்காராவிட்டால் கடைக்கு.

வெயிலும் மழையும்

கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் பிடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் மேல்பலகை ஈரம் குடித்துப் புடைக்கும், கம்பி உயரும். பங்குனி, சித்திரையில் கரூர், ஈரோடு வெயிலில் பலகை சுருங்கி அமுங்கும், கம்பி இறங்கிக் கரகரக்கும், பிரெட் முனைகள் கையைக் கீறும். இது கிட்டாரின் குற்றமில்லை. ஆனியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை கழுத்தை அளந்து கால் சுற்று திருப்பினால் போதும்.

விலை குறைந்தது ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு. ஒட்டுப்பலகை மேல்பலகை இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஒட்டுப்பலகை இல்லாமல் முழு மரத்தில் செய்த விலை உயர்ந்ததுக்குத்தான் ஈரப்பதப் பை, மூடிய பெட்டி என்று பராமரிப்பு வேண்டும். இரண்டுக்கும் பொதுவான தடை, வெயிலில் நிறுத்திய காருக்குள் விடுவது. பசை இளகி பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும்.

வெல்டிங் கண்ணாடிச் சோதனை

எல்லா வேலையும் முடித்த பின்னும் "என்ன இருந்தாலும் அந்த டோன் வேறைங்க" என்பவர் இருப்பார். அவரிடம் வாதாட வேண்டாம், சோதித்துப் பார்க்கக் கூப்பிடுங்கள்.

இது புது யோசனை அல்ல. 2010ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் கிளாடியா ஃபிரிட்ஸ், ஜோசஃப் கர்ட்டின் குழுவினர் 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கலான அறையில் மூன்று புது வயலினையும் மூன்று பழைய இத்தாலிய வயலினையும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடுமே என்று மோவாய்க்கட்டையின் அடியில் சென்ட் தடவினார்கள். அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின். கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவேரியஸுக்கு. 2012ல் முடிவு வெளியானது.

கிட்டாருக்கும் நடந்திருக்கிறது. 2018ல் வெளிவந்த லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேறாக ஆறு கிட்டார்கள் செய்து 52 கிட்டார் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹாகனி, மேப்பிள், சபேலி, வால்நட். கண்ணை மறைத்தபோது மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இந்திய ரோஸ்வுட் என்பது நம் ஆனைமலையிலும் நீலகிரியிலும் வளர்கிற ஈட்டி மரம்தான். 'பின்பலகை ரோஸ்வுட் இல்லீங்களா?' என்று முகம் சுளிக்கிறவர்கள் வால்பாறை போகிற வழியில் பஸ் ஜன்னலை விட்டு வெளியே பார்க்கலாம். மேல்பலகை இந்த ஆய்வில் சேர்த்தி இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடணும்.

வீட்டில் செய்ய, இரண்டு கிட்டாருக்கும் ஒரே நாளில் ஒரே செட் கம்பி, ஒரே உயரம், ஒரே சுருதி. புதுக் கம்பி போட்ட விலை உயர்ந்ததையும் துருக்கம்பி போட்ட மலிவானதையும் ஒப்பிட்டால் கம்பியைத்தான் ஒப்பிடுகிறீர்கள். கேட்பவர் சுவரைப் பார்த்து உட்காரட்டும். வாசிப்பவருக்கு கேஸ் வெல்டிங் கண்ணாடி. எது கையில் இருக்கிறது என்று தெரிந்தால் கை தானாக ஒழுங்காகிவிடும். மூன்றாவது ஆள் ஒவ்வொரு முறையும் காசு சுண்டி, விழுந்தபடி கிட்டாரைக் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் எழுதிவைக்கணும். அரை நிமிஷம், ஒரே பல்லவி, ஒரே பிளெக்ட்ரம். சத்தத்தைக் கவனியுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலே காது அதை 'நல்ல டோன்' என்று எடுத்துக்கொள்ளும். கை ஒரே அளவில் அடிக்காது என்று தோன்றினால், ஒரே மைக் தூரத்தில் இரண்டையும் பதிவு செய்து, கணினியில் சத்தத்தைச் சமன் செய்து போட்டுக் காட்டலாம்.

பத்துச் சுற்று, ஒவ்வொன்றிலும் எந்தக் கிட்டார் என்று அவர் சொல்லணும். சும்மா ஊகித்தாலே ஐந்து சரியாக வரும். ஒன்பது அல்லது பத்து சரி என்றால் அவருக்கு உண்மையிலேயே கேட்கிறது. ஊகத்தில் அது வருகிற வாய்ப்பு சுமார் நூற்றில் ஒன்று. எட்டு என்றால் இன்னொரு பத்து ஆடிப் பாருங்கள். ஏழும் அதற்குக் கீழும் ஒன்றையும் நிரூபிக்காது. ஒன்பது அடித்தவரை ஒப்புக்கொள்ளணும், அதுதான் மரியாதை. அப்போதும் கேட்க ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: வேறாக இருக்கிறது, சரி. எது நல்லது?

அறை

பதிவு செய்து கேட்டால் 'டப்பா' மாதிரி இருக்கிறது, அதனால் இருபதாயிரத்துக்கு மைக் வாங்கப் போகிறேன் என்பார்கள். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை உள்ள நம் வீட்டு அறையில் கை தட்டிப் பாருங்கள். 'டொய்ங்' என்று ஒரு வால் கேட்கும். விலை உயர்ந்த கண்டென்சர் மைக் அந்த வாலை இன்னும் தெளிவாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

நாமக்கல் பக்கம் கிடைக்கிற முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டுவது வீண். கீச்சு ஒலியை மட்டும் கொஞ்சம் கலைக்கும். கனமான தாழ்ந்த ஒலியைத் தொடாது, வெளிச் சத்தத்தையும் தடுக்காது. எடையும் தடிமனும்தான் வேலை செய்யும். பவானி ஜமுக்காளத்தைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டாலே நடு ஒலிகள் அடங்கும். சுவரோடு ஒட்டினால் பாதிப் பலன்கூட இல்லை.

இன்னும் நன்றாக வேண்டும் என்றால் திருப்பூர் பனியன் வேஸ்ட். நாலடிக்கு இரண்டடி, நாலு அங்குல ஆழத்தில் மரச்சட்டம் அடித்து, நடுவே இரண்டு குறுக்குச் சட்டம் வையுங்கள். குறுக்கு இல்லாவிட்டால் துணி ஆறு மாசத்தில் அடியில் மூட்டையாக இறங்கிவிடும். பின்பக்கம் காடாத்துணி, உள்ளே மூன்றரை கிலோ வேஸ்ட் உதிர்த்துப் பரப்பி, முன்பக்கமும் காடாத்துணி. அடைத்துத் திணித்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பும். இப்படி நாலு போதும்: வாசிப்பவருக்குப் பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. பருத்தி சட்டெனப் பிடித்துக்கொள்ளும், பிளக் பாயிண்ட், ஊதுவத்தி பக்கத்தில் வைக்காதீர்கள். மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைத்தால் 'பூம்' என்று அடிக்கும். பன்னிரண்டாம் பிரெட்டைப் பார்த்து ஒரு அடி தள்ளி வையுங்கள்.

காசு எங்கே போடலாம்

மலிவே போதும் என்று மார்தட்டுவதும் இன்னொரு வகை ஜம்பம்தான். சில இடங்களில் காசு பேசும். பிரெட்டுகள் சமமாகச் சீவியிருப்பது, சுருதிக்கட்டையின் பல் வழுக்காதது, கழுத்தின் கோணம். இதை வீட்டில் சரிசெய்வது கஷ்டம். கீபோர்டில் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறாத மாடலில் பியானோ பழக முடியாது. வயலினில் நல்ல கம்பி, சரியாகச் சீவிய குதிரை, சவுண்ட்போஸ்ட் (உள்ளே நிற்கும் முட்டுக்குச்சி) மூன்றுக்கும் செலவழித்துவிட்டுத்தான் வயலினைக் குறை சொல்லணும். கிட்டார் கேபிளில் பொன் முலாமுக்குக் கொடுப்பது வீண். நீளத்தை ஆறு மீட்டருக்குள் வைத்தால் கீச்சு ஒலி மங்காது.

குழுவில் உங்கள் கிட்டாரைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால், "ஏனுங்கண்ணா, எது சரியில்லைன்னு சொல்லுங்க. ஆக்‌ஷனா, இன்டொனேஷனா, பிரெட்டா?" என்று கேளுங்கள் (ஆக்‌ஷன் என்பது கம்பியின் உயரம்). விஷயம் தெரிந்தவர் என்றால் கையில் வாங்கிப் பார்த்து ஏதாவது ஒன்றைச் சொல்வார், அது உங்களுக்கு லாபம். தெரியாதவர் கம்பெனிப் பெயரைச் சொல்வார்.

பழையது வாங்கப் போனால் ஸ்கேலையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பிரிட்ஜின் பின் விளிம்பில் காகிதம் நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. நீளமான ஸ்கேலைப் பிரெட்டுகள் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை தள்ளினால், முனை பிரிட்ஜ் மரத்தின் உச்சியைத் தொட்டு நிற்கணும். அதற்குக் கீழே போய் முட்டினால் கழுத்துக் கோணம் போய்விட்டது. சேடிலை எவ்வளவு தேய்த்தாலும் தேறாது. தலையில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.